மொட்டை மாடித் தொட்டி உள்ள வீட்டில் மோட்டாருடன் பிரஷர் டேங்க்கை இணைக்கும் முறை

மொட்டை மாடியில் தொட்டி வைத்துத் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில், தரைத்தளக் குழாய்கள் நன்றாகக் கொட்டும்போதே மேல்தளக் குளியலறையின் ஷவர் மட்டும் நூல் நூலாக ஒழுகுவது வழக்கமான குறை. காரணம் உயரக் கணக்குதான். 10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மேல்தள ஷவருக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே பெரும்பாலும் 2 மீட்டர்தான் இருக்கும் என்பதால், அங்கே கிடைப்பது 0.2 பார் மட்டுமே. இன்று கடைகளில் விற்கும் அகலத் தலை ஷவர்கள் ஒழுங்காகப் பொழிய 1 பாராவது வேண்டும். தொட்டியை இன்னும் 2 மீட்டர் உயர்த்தித் தூண் கட்டினாலும் கூடுதலாகக் கிடைப்பது 0.2 பார்தான், அந்தச் செலவுக்கு ஒரு சிறிய பிரஷர் மோட்டாரும் பிரஷர் டேங்க்கும் வாங்கிவிடலாம்.

இக்கட்டுரை அந்த ஓர் அமைப்பைப் பற்றியது: மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், மாடியிலேயே அரை ஹெச்.பி. அளவிலான மோட்டாரையும் அதனுடன் பிரஷர் டேங்க்கையும் பொருத்துவது. ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி மோட்டாருடன் நேரடியாக இணைப்பதற்குக் கணக்கு வேறு. மாநகராட்சிக் குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது அனுமதிக்கப்படாத செயல். அதற்கு இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது.

தொட்டிக்குள் நடப்பது

பிரஷர் டேங்க் என்பது இரும்பு உறைக்குள் ஒரு ரப்பர் பை. பைக்குள் தண்ணீர், பைக்கும் உறைக்கும் நடுவே காற்று. மோட்டார் ஓடும்போது தண்ணீர் பைக்குள் ஏறிக் காற்றை நெருக்குகிறது. மோட்டார் நின்றபின் யாராவது குழாயைத் திறந்தால், நெருக்கப்பட்ட காற்று பையை அழுத்தித் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அழுத்தத்தை உண்டாக்குவது மோட்டார். தொட்டி அதைச் சற்று நேரம் சேமித்து வைக்கிறது. ஆகவே தொட்டியை மட்டும் பெரிதாக்கினால் ஷவரின் வேகம் கூடாது. கூடுவது மோட்டாரின் ஓய்வு. கை கழுவ அரை லிட்டர் எடுக்கும் ஒவ்வொரு முறையும் மோட்டார் துடித்தெழாமல் காப்பதுதான் தொட்டியின் வேலை.

இதில் மூன்று அழுத்தங்கள் சேர்ந்து இயங்குகின்றன. மோட்டாரை ஓடவைக்கும் அழுத்தம் ஒன்று, அதை நிறுத்தும் அழுத்தம் ஒன்று. இவ்விரண்டையும் பிரஷர் ஸ்விட்ச் தீர்மானிக்கிறது. மூன்றாவது, தண்ணீர் ஏதுமின்றித் தொட்டி காலியாக இருக்கும்போது அதற்குள் அடைக்கப்பட்டிருக்கும் காற்றின் அழுத்தம். சந்தையில் கிடைக்கும் சிறிய பிரஷர் ஸ்விட்ச்சுகள் பல, 1.4 பாரில் ஓடி 2.8 பாரில் நிற்குமாறு அமைக்கப்பட்டே வருகின்றன. காற்றின் அழுத்தம், மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 0.2 பார் குறைவாக இருக்க வேண்டும், அதாவது 1.2 பார். இந்த ஒரு கணக்கைச் சரியாக வைத்துவிட்டால் அமைப்பின் பாதிக் கோளாறுகள் தலைகாட்டா. பொருத்துபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

எத்தனை லிட்டர் தொட்டி வாங்குவது

24 லிட்டர் என்று எழுதியிருக்கும் தொட்டியிலிருந்து 24 லிட்டர் தண்ணீர் கிடைக்காது. மேலே சொன்ன அமைப்பில், மோட்டார் நிற்பதற்கும் மீண்டும் ஓடுவதற்கும் இடையே வெளிவரும் தண்ணீர் தொட்டியின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குதான். காற்றின் அழுத்தமும் கொள்ளளவும் எதிர்விகிதத்தில் மாறும் என்ற பள்ளிக்கூட விதியை, வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து வைத்துப் போட்டுப் பார்த்தால் 24 லிட்டர் தொட்டிக்கு 8 லிட்டரும், 60 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டரும், 100 லிட்டர் தொட்டிக்கு 34 லிட்டரும் வரும்.

இந்த எண்ணிக்கையிலிருந்து மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை ஓடி நிற்கும் என்பதையும் கண்டுகொள்ளலாம். மோட்டார் தரும் தண்ணீரில் சரிபாதி அளவை வீட்டில் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் மோட்டார் மிக அதிகமாக ஓடி ஓடி நிற்கும். நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் ஷவரில் குளிக்கிறார் எனில், 24 லிட்டர் தொட்டி வைத்த வீட்டில் ஏறக்குறைய அரை நிமிடம் ஓடி, அரை நிமிடம் நின்று, மணிக்கு 55 முறை என்ற கணக்கில் மோட்டார் துடிக்கும். 60 லிட்டர் தொட்டியில் அது 22 முறையாகக் குறையும். 100 லிட்டரில் 13 முறைதான். மோட்டாரின் சுருளையும் கெபாசிட்டரையும் தின்பது ஓடும் நேரத்தைவிட இந்தத் தொடக்கங்கள்தான், ஏனெனில் ஓடத் தொடங்கும் கணத்தில் மோட்டார் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. பிரஷர் ஸ்விட்ச்சின் தொடுமுனைகள் கருகுவதும் அப்போதுதான்.

கடைகளில் மோட்டார், தொட்டி, ஸ்விட்ச், அழுத்தமானி எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கப்படுவதில் பெரும்பாலும் இருப்பது 24 லிட்டர் தொட்டிதான். ஒரே குளியலறை உள்ள வீட்டுக்கு அது போதும். இரண்டு, மூன்று குளியலறைகளும் சலவை இயந்திரமும் உள்ள வீட்டுக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. இடமும் பணமும் இருந்தால் 100 லிட்டர். பாரத்தைப் பற்றி அஞ்சத் தேவையில்லை, 100 லிட்டர் தொட்டி முழு அழுத்தத்தில் இருக்கும்போதும் அதற்குள் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 42 லிட்டர்தான், மீதி காற்று. தொட்டியே இல்லாமல் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் கொண்ட மோட்டார்களும் விற்கின்றன. அவை இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சொட்டுச் சொட்டாகக் குழாய் ஒழுகும் வீட்டில் அவற்றுக்கு ஓய்வே கிடைக்காது.

மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயர்ப்பலகையில் உள்ள அதிகபட்ச உயரத்தைப் பாருங்கள். 2.8 பார் என்பது 28.5 மீட்டர் உயரத்துக்குச் சமம். பலகையில் 30 மீட்டர் என்று மட்டும் இருந்தால், மின்னழுத்தம் சற்றுக் குறையும் மாலை நேரத்தில் அந்த மோட்டார் 2.8 பாரை எட்ட முடியாமல் நிற்காமலே ஓடிக்கொண்டிருக்கும். 35 முதல் 40 மீட்டர் வரை தரும் மோட்டார் பாதுகாப்பானது. விளிம்பில் சிறு பற்கள் கொண்ட சக்கரம் சுழலும் வகை மோட்டார்களே இந்த அளவில் மிகுதி. அவற்றுக்கு ஒரு குணம் உண்டு: வெளிவாயை அடைக்க அடைக்க அவை அதிக மின்சாரம் இழுக்கும். எனவே நிற்கும் அழுத்தத்தை மோட்டாரின் எல்லைக்கு மிக அருகில் வைத்தால் சுருள் சூடேறிக் கருகும்.

வேலை தொடங்கும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயிலும், கேட் வால்வைத் தாண்டியதும் ஒரு கிளை மேலே எழுந்து தொட்டியின் மூடி மட்டத்துக்கும் மேலாக வாய் திறந்து நிற்பதைக் காணலாம். அது காற்று வெளியேறுவதற்கான ஏர் பைப். ஈர்ப்பு விசையில் தண்ணீர் இறங்கும் அமைப்புக்கு அது தேவை. மோட்டார் அழுத்தம் கொடுக்கும் குழாயில் அது திறந்தே இருந்தால், மோட்டாரை இயக்கிய நொடியில் அதன் வழியே தண்ணீர் பீறிட்டு மொட்டை மாடி முழுவதும் கொட்டும். மோட்டாருக்குப் பிந்தைய பகுதியில் வரும் ஏர் பைப் ஒவ்வொன்றையும் வெட்டி, மூடியிட்டு அடைத்துவிட வேண்டும். மோட்டாருக்கு முந்தைய பகுதியில் இருப்பதை அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்தது, எந்தெந்தக் குழாய்களுக்கு அழுத்தம் வேண்டும் என்ற முடிவு. பல வீடுகளில் கழிவறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, குளியலறைகளுக்கு ஒன்று எனத் தனித்தனி இறங்கு குழாய்கள் இருக்கும். எல்லாவற்றையும் மோட்டாரில் சேர்க்க வேண்டியதில்லை. மேல்தளக் குளியலறைக் குழாயை மட்டும் சேர்த்து, ஃப்ளஷ் தொட்டிகளையும் தரைத்தளத்தையும் பழைய வழியிலேயே விட்டால் மோட்டாருக்கு வேலை குறையும். ஆனால் கீசருக்குச் செல்லும் குளிர்நீரும் ஷவருக்குச் செல்லும் குளிர்நீரும் கட்டாயம் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஒன்று மோட்டாரிலும் மற்றொன்று ஈர்ப்பு விசையிலும் இருந்தால், மிக்ஸரைத் திறந்தவுடன் வலுவான குளிர்நீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து கீசர் வழியாகத் தலைகீழாக ஏறி மாடித் தொட்டிக்கே போய்ச் சேரும். வெந்நீர் வராது, மோட்டாரும் நிற்காது.

கீசரின் மேல் ஒட்டியுள்ள பலகையில் அது தாங்கும் அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். பல மாடிக் கட்டடங்களுக்கும் பிரஷர் மோட்டாருக்கும் ஏற்றவை என்று விற்கப்படுபவை 8 பார் வரை தாங்குபவை. அந்தக் குறிப்பு இல்லாத பழைய கீசரை இந்த அமைப்பில் சேர்க்க வேண்டாம். கீசரின் பாதுகாப்பு வால்வு அடைபட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சுவருக்குள் புதைந்திருப்பது பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் என்றால் ஒரு கணம் யோசிக்க வேண்டும். 0.2 பாரில் ஆண்டுக்கணக்காகக் கசியாமல் இருந்த துருப்பிடித்த இணைப்பு, 2.8 பாரில் கசியத் தொடங்கலாம். அது சுவரில் ஈரம் பூத்த பிறகே தெரியவரும். சிபிவிசி, யுபிவிசி எனப்படும் பிளாஸ்டிக் குழாய்கள் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தால் இந்த அழுத்தத்தை எளிதாகத் தாங்கும். கழிவறைக் கைத்தெளிப்பானின் மெல்லிய குழாய்தான் முதலில் வெடிக்கும் பொருள். வெளியூர் செல்லும்போது அதன் ஆங்கிள் வால்வை அடைத்துவிட்டுப் போகும் பழக்கம் நல்லது.

இணைக்கும் வரிசை

மோட்டாரை மாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே, தொட்டிக்கு அருகிலேயே வைப்பது நல்லது. அப்போது தண்ணீர் தானாகவே மோட்டாருக்குள் வந்து நிற்கும். ஃபுட் வால்வும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றி நிரப்பும் தொல்லையும் இல்லை. தரையில் நான்கு அங்குல உயரத்துக்குச் சிறு மேடை கட்டி, அதன்மேல் ரப்பர் விரிப்பு வைத்து மோட்டாரையும் பிரஷர் டேங்க்கையும் போல்ட் போட்டு நிறுத்துங்கள். நேரடியாகக் கான்கிரீட்டில் வைத்தால் மோட்டாரின் ரீங்காரம் கீழே படுக்கையறைக் கூரை வழியாக இறங்கும். ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் நேரே படாதபடி மேலே தகரக் கூரை அவசியம். காற்று உள்ளே புழங்க நான்கு பக்கமும் அடைக்காமல் விட வேண்டும்.

தண்ணீர் செல்லும் திசையிலேயே வரிசையாகச் சொல்கிறேன். மாடித் தொட்டியின் கேட் வால்வுக்குப் பின் ஒரு ஒய் வடிகட்டி வர வேண்டும். மாடித் தொட்டியின் அடியில் தேங்கும் மண்ணும் சுண்ணாம்புச் செதிலும் மோட்டாரின் சக்கரத்தில் சிக்காமல் அது பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு யூனியன் (குழாயை வெட்டாமல் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), பிறகு மோட்டாரின் உள்வாய். உள்வாய் ஒரு அங்குலமாக இருந்தால் அதற்கு வரும் குழாயும் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மோட்டாரின் வெளிவாயில் என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வு, அதன்பின் ஐந்து வழிப் பித்தளை இணைப்பு. அந்தப் பித்தளைத் துண்டில் ஒரு அங்குல வாய்கள் மூன்றும் கால் அங்குல வாய்கள் இரண்டும் இருக்கும். பெரிய வாய்களில் ஒன்று மோட்டாருக்கு, ஒன்று பிரஷர் டேங்க்குக்கு, ஒன்று வீட்டுக்கு. சிறியவற்றில் ஒன்று பிரஷர் ஸ்விட்ச்சுக்கு, மற்றொன்று அழுத்தமானிக்கு. தொட்டிக்குச் செல்லும் இணைப்பை எஃகு வலை பின்னிய வளைகுழாயால் செய்தால் அதிர்வு தொட்டிக்குப் பரவாது. வீட்டுக்குச் செல்லும் வாயில் ஒரு பால் வால்வும் ஒரு யூனியனும் வையுங்கள். பின்னாளில் கோளாறு கண்டுபிடிக்க அந்த பால் வால்வு பெரிதும் உதவும்.

என்.ஆர்.வி. ஐந்து வழி இணைப்புக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கவே கூடாது. அங்கே வைத்தால் மோட்டார் நின்றதும் பிரஷர் டேங்க்கின் தண்ணீர் மோட்டார் வழியாகத் திரும்பி மாடித் தொட்டிக்கு ஏறிவிடும், அழுத்தம் விழுந்து மோட்டார் மறுபடி ஓடும். கீசரில் சூடாகி விரியும் தண்ணீருக்குப் பிரஷர் டேங்க்குக்குள் போக வழி இல்லாமலும் போகும். ஐந்து வழி இணைப்பை நேரே மோட்டாரின் வெளிவாயிலேயே முடுக்கும் வகைத் தொகுப்பாக இருந்தால், என்.ஆர்.வி.யை மோட்டாரின் உள்வாய்ப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அதேபோல் பிரஷர் ஸ்விட்ச் பிரஷர் டேங்க்கின் வாய்க்கு அருகிலேயே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நீண்ட குழாய் ஓடினால், மோட்டார் தொடங்கும் கணத்தில் எழும் அழுத்த அலையில் ஸ்விட்ச் படபடவென அடித்துக்கொள்ளும்.

மின்வெட்டு நேரத்துக்கு ஒரு மாற்றுவழியும் போட்டுவிடுவது நல்லது. மோட்டாருக்கு முன்னால் ஒரு டீ (மூன்று வாய் கொண்ட இணைப்பு) போட்டு, அங்கிருந்து ஒரு குழாயை மோட்டாரைச் சுற்றிக் கொண்டுபோய், வீட்டுப் பக்க பால் வால்வுக்குப் பின்னால் மற்றொரு டீயில் சேர்த்து, நடுவில் வீட்டை நோக்கிய அம்புக்குறியுடன் ஒரு என்.ஆர்.வி. வைக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது ஈர்ப்பு விசையிலேயே தண்ணீர் இறங்கும். மோட்டார் ஓடும்போது அதன் அழுத்தமே இந்த வால்வை மூடிக்கொள்ளும். இங்கே வில் வைத்த வால்வை வாங்காதீர்கள், 0.2 பார் அழுத்தம் அந்த வில்லைத் தள்ளித் திறக்கப் போதாமல் போகலாம். தகடு ஊசலாடும் வகையே பொருத்தம். அதைப் படுக்கை நிலையில், திருகு மூடி மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும்.

மரைகளில் டேஃப்லான் டேப்பை, மரையின் முனை உங்களைப் பார்த்தபடி இருக்கும்போது வலஞ்சுழியாக, இழுத்துப் பிடித்துப் பத்துச் சுற்றாவது சுற்றுங்கள். இடஞ்சுழியாகச் சுற்றினால் முடுக்கும்போது டேப் பிரிந்து ஒதுங்கிவிடும். பித்தளை வாயில் முடுக்கும் இடங்களில் வெறும் பிளாஸ்டிக் மரையைத் தவிர்த்து, பித்தளை மரை பதித்த எம்.டி.ஏ. (வெளிப்புற மரை கொண்ட இணைப்பு) வாங்குங்கள், விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் வெயிலில் காயும் மாடியில் பிளாஸ்டிக் மரை விரிசல் விடுவது சாதாரணம். வயலுக்குப் போடும் 4 கிலோ அழுத்த வகைச் சாம்பல் நிறப் பிவிசி குழாய்க்கு இங்கே இடமில்லை. ஒட்டுப் பசை காய ஒரு நாள் விட்டு, மறுநாள் அழுத்தம் கொடுத்தால் கவலை இல்லை.

மின் இணைப்பு

இப்பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுவதே முறை. எனினும் என்ன செய்யப்படுகிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மோட்டாருக்குத் தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்), அதற்கு முன் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மோட்டாரின் உடலிலிருந்து தவறாத எர்த் ஆகியவை இருக்க வேண்டும். பிரஷர் ஸ்விட்ச்சின் மூடியைக் கழற்றினால் மின்சாரம் நுழையும் இரு முனைகளும் மோட்டாருக்குப் போகும் இரு முனைகளும் தெரியும். எர்த் கம்பிக்குத் தனித் திருகு உண்டு. மோட்டார் இழுக்கும் ஆம்பியரைவிட ஸ்விட்ச்சின் தாங்குதிறன் தாராளமாகக் கூடுதலாக இருப்பதை உறுதிசெய்த பிறகே நேரடியாக இணைக்க வேண்டும்.

பிரஷர் ஸ்விட்ச்சுக்கு அழுத்தம் மட்டுமே தெரியும்; தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்பது தெரியாது. மாடித் தொட்டி காலியாகிவிட்டால் அழுத்தம் ஏறாது, ஏறாத வரை ஸ்விட்ச் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும், மோட்டாரின் தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுப்பதும் தண்ணீரால் குளிர வேண்டியதுமான மெக்கானிக்கல் சீல் சில நிமிடங்களில் கருகிவிடும். ஆகவே மாடித் தொட்டிக்குள் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டு, அதை பேஸ் கம்பியில் பிரஷர் ஸ்விட்ச்சுடன் தொடராக இணைக்க வேண்டும். தொட்டியை நிரப்பும் மோட்டாருக்காக ஏற்கெனவே அங்கே இருக்கும் ஃப்ளோட் இதற்கு உதவாது, அதன் வேலை நேர்மாறானது. ஃப்ளோட்டிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் எந்த இரண்டைப் பயன்படுத்துவது என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் மீட்டரால் பாருங்கள்: மிதவையை மேலே தூக்கிப் பிடிக்கும்போது எந்த இரண்டு கம்பிகளுக்கு இடையே தொடர்பு உண்டாகிறதோ, தொங்கவிடும்போது அறுபடுகிறதோ, அவை இரண்டும்தான் நமக்கு வேண்டியவை. மாடித் தொட்டியின் வெளிவாய்க்கு ஒரு சாண் மேலே தண்ணீர் இருக்கும்போதே மோட்டார் நின்றுவிடும்படி மிதவையின் எடைக்கல்லை அமையுங்கள்.

காற்று நிரப்புதலும் முதல் ஓட்டமும்

பிரஷர் டேங்க்கின் ஒரு முனையில் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே கார் டயரில் உள்ளது போன்ற வால்வு இருக்கும். கடையிலிருந்து வரும்போதே உள்ளே காற்று அடைத்துத்தான் வரும். ஆனால் அது உங்கள் ஸ்விட்ச்சுக்குப் பொருந்தும் அளவில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தொட்டிக்குள் தண்ணீர் போவதற்கு முன்பே டயர் அழுத்தமானியால் அளந்து பாருங்கள். அந்த மானிகள் பெரும்பாலும் பிஎஸ்ஐ அளவில் காட்டும், 1.2 பார் என்பது 17 அல்லது 18 பிஎஸ்ஐ. கூடுதலாக இருந்தால் ஊசியை அழுத்தி வெளியேற்றலாம், குறைவாக இருந்தால் காருக்குக் காற்றடிக்கும் சிறு பம்பே போதும். இருசக்கர வாகன டயரைவிடக் குறைந்த அழுத்தம்தான் இது என்பதால் கைப்பம்பாலும் ஏற்றிவிடலாம். தொட்டியில் தண்ணீர் இருக்கும்போது அளந்தால் தண்ணீரின் அழுத்தத்தையே மானி காட்டும். அந்த அளவுக்குப் பொருளில்லை.

பிறகு மாடித் தொட்டியின் கேட் வால்வைத் திறந்து, மோட்டாரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்திக் காற்று முழுவதும் போய்த் தண்ணீர் வழியும்வரை விட்டு மூடுங்கள். வீட்டின் மிகத் தாழ்ந்த குழாய் ஒன்றையும் மிக உயர்ந்த குழாய் ஒன்றையும் திறந்து வைத்து மோட்டாரை இயக்குங்கள். குழாய்கள் இருமித் துப்பிவிட்டுச் சீராக ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக மூடிவிட்டு அழுத்தமானியின் முள்ளைக் கவனியுங்கள். முள் 1.2 பார் வரை சட்டென்று தாவும். அதன்பின் தொட்டி நிரம்பத் தொடங்குவதால் நிதானமாக ஏறும். 2.8 வந்ததும் ‘டிக்’ என்ற ஒலியுடன் ஸ்விட்ச் பிரிந்து மோட்டார் நிற்க வேண்டும். நிற்காமல் 2.6 அருகிலேயே முள் தயங்கினால் மோட்டாருக்கு அவ்வளவு திறன் இல்லை என்று பொருள். நிற்கும் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வதே வழி.

ஸ்விட்ச்சின் உள்ளே பெரிதும் சிறிதுமாக இரண்டு சுருள்வில்கள் உள்ள வகையில், பெரிய வில்லின் நட்டை வலப்புறம் திருகினால் ஓடும் அழுத்தமும் நிற்கும் அழுத்தமும் சேர்ந்தே உயரும். சிறிய வில்லின் நட்டு இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும். எம்.சி.பி.யை அணைத்துவிட்டு அரைச் சுற்று மட்டும் திருகி, மறுபடி ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த அரைச் சுற்று. ஓடத் தொடங்கும் அழுத்தத்தை மாற்றினால், தொட்டியின் காற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

காற்று சரியாக இருக்கிறதா என்பதற்கு ஒரு வாளி போதும். மோட்டார் நின்றவுடன் ஒரு குழாயைத் திறந்து வாளியில் பிடியுங்கள்; மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கும் நொடியில் மூடிவிடுங்கள். 24 லிட்டர் தொட்டிக்கு வாளியில் 8 லிட்டர் அளவு இருக்க வேண்டும். 3 லிட்டரோ 4 லிட்டரோதான் வந்தது என்றால் காற்று மிகக் குறைவு. மோட்டார் ஓடுவதற்கு முன் தண்ணீர் ஒரு நொடி அறுந்துபோய் மீண்டும் பீறிட்டால், காற்றின் அழுத்தம் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைத் தாண்டிவிட்டது. இறுதியாக எல்லாக் குழாய்களையும் மூடி, முள் 2.8 பாரில் அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

பின்னாளில் வரும் கோளாறுகள்

நள்ளிரவில் யாரும் குழாயைத் திறக்காமலே மோட்டார் அவ்வப்போது தானாக ஓடி நிற்கிறதா? வீட்டுப் பக்க பால் வால்வை அடைத்துவிட்டு முள்ளைக் கவனியுங்கள். முள் அப்படியே நின்றால் கசிவு வீட்டுக்குள்தான், மாற்றுவழிக் குழாய் போட்டிருந்தால் அதன் என்.ஆர்.வி.யிலும் இருக்கலாம். வீட்டுக்குள் என்றால் பெரும்பாலும் அது ஃப்ளஷ் தொட்டியின் அடி வாஷராக இருக்கும். அப்போதும் முள் இறங்கினால் மோட்டார்ப் பக்க என்.ஆர்.வி.யில் தூசி சிக்கியிருக்கிறது, அல்லது மாடியிலேயே ஓர் இணைப்பு கசிகிறது.

உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் பிரஷர் ஸ்விட்ச்சுக்குச் செல்லும் கால் அங்குல நிப்பிள் ஓரிரு ஆண்டுகளில் சுண்ணாம்பால் தூர்ந்துவிடும். அப்போது குழாயில் உள்ள உண்மையான அழுத்தம் ஸ்விட்ச்சுக்குத் தாமதமாகவே எட்டும்; மோட்டார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, ஓட வேண்டிய இடத்தில் ஓடாது. பழுது பார்ப்பவர்கள் ஸ்விட்ச்சையே மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் மின்சாரத்தை அணைத்து, அழுத்தத்தை வெளியேற்றி, அந்த நிப்பிளைக் கழற்றிக் கம்பியால் குத்திப் பாருங்கள். பல நேரம் அதுவே தீர்வாகிவிடும்.

மோட்டார் சில நொடிகளுக்கொரு முறை ஓடி நிற்பதும், ஷவர் விட்டுவிட்டு அடிப்பதும் தொட்டியில் காற்று இல்லை என்பதற்கான அடையாளங்கள். ரப்பர் வழியே காற்று மிக மெதுவாகக் கசிவது இயல்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து அளந்து, குறைந்ததை நிரப்பினால் போதும். ஆனால் காற்று வால்வின் ஊசியை அழுத்தும்போது தண்ணீர் வெளிவந்தால் ரப்பர் பை கிழிந்துவிட்டது என்பது உறுதி. அதற்காகத் தொட்டி முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை, பை தனியாகவே கிடைக்கிறது. மின்சாரத்தை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து தண்ணீரின் அழுத்தம் சுழியத்துக்கு வந்ததையும், ஊசியை அழுத்திக் காற்று முழுவதும் போய்விட்டதையும் உறுதிசெய்த பிறகே விளிம்புத் தட்டின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். காற்று மீதியிருந்தால் தட்டு முகத்தில் வந்து அடிக்கும். பழைய பையைச் சுருட்டி இழுத்து வெளியே எடுத்து, அதன் வாய் அகலத்தையும் தொட்டியின் லிட்டர் அளவையும் கடையில் காட்டியே புதியதை வாங்குங்கள், ஏனெனில் ஒரே கொள்ளளவுத் தொட்டிகளிலும் வாய் அளவு மாறுபடும். உறைக்குள் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டி, துருவைத் துடைத்துக் காயவைத்த பிறகு புதிய பையை நீளவாக்கில் மடித்து நுழைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, தண்ணீரைத் திறப்பதற்கு முன் 1.2 பார் காற்றை ஏற்றிவிட வேண்டும்.